பன்னிரண்டு மணித் தட்டு

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு உன் போன் அடித்தது. பிள்ளைகள் பொம்மைப் படம் பார்ப்பதற்காகச் சார்ஜ் போட்டு அலமாரி மேல் வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நீ வைத்த அலாரம்தான். நீ போய் ஒரு வருடம் ஆகியும் தினமும் அடிக்கிறது. காலை ஷிப்டு வாரங்களில் நான் வீட்டில் இருப்பதில்லை. மதிய ஷிப்டு வாரங்களில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது தானாக நின்றுவிடும். அணைக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. அடிக்கட்டும் என்றும் தோன்றியதில்லை.

இதை எழுத வைத்தது அலாரம் இல்லை. அது அடித்தபோது நம் பெரியவள் கேட்ட கேள்வி. அதற்கு வருகிறேன்.

நீ அதை ஆரம்பித்தது சித்திரை மாதத்தில். பெரியவளுக்கு ஐந்து முடிந்திருந்தது. சின்னவனுக்கு இரண்டரை வயது, தாய்ப்பால் மறந்து ஆறு மாதம். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு வந்து நின்றாய்.

“நாளைலேர்ந்து நான் ஃபாஸ்டிங். நைட்டு எட்டு மணிக்கு மேல வாயில ஒண்ணும் வெக்க மாட்டேன். மறுநாள் பன்னெண்டு வரைக்கும் தண்ணி, பாலில்லாத டீ. அவ்ளோதான்.”

“எங்க தாத்தா காலத்துல இதுக்குப் பேரு வறும,” என்றேன்.

“ஆமா, நீங்க படிச்சவரு. எல்லாத்துக்கும் ஒரு பேரு வெச்சிருப்பீங்க.”

படித்தவன்தான். வேதியியலில் முதுகலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் ஆய்வகத்தில், உருக்கிய இரும்பின் மாதிரிகளைச் சோதித்துச் சோதித்துப் பதினொரு வருடமாகக் காண்ட்ராக்டிலேயே இருந்தவன். வீட்டுக்கு வந்தால் யாரையாவது குத்தாமல் எனக்குப் பொழுது போகாது. அந்த வாரம் நீ கிடைத்தாய்.

நீ ஏன் ஆரம்பித்தாய் என்று நான் கேட்கவே இல்லை. உடம்பு இளைக்க என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நீயே சொன்னாய். தலைவலிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாய். பெரியவள் ஒரு இட்லியைப் பாதி கடித்து வைத்துவிட்டு எழுந்தாள். உன் கை தன்னால் அந்தத் தட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. மிச்சத்தை எடுத்துக் காக்கைக்கு வைத்தாய்.

“பசிச்சு சாப்ட்டு எத்தினி வருஷம் ஆவுது தெரியுமா? இதுங்க வெச்ச மிச்சத்தை நின்னுக்கினே முழுங்கி முழுங்கி, பசின்னா இன்னான்னே மறந்து போச்சுங்க.”

நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

அடுத்த வாரம் ஒருநாள் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து என் கையைப் பிடித்து உன் வயிற்றில் வைத்தாய். உள்ளே கடமுடவென்று ஒரு சத்தம். நீ சிரித்தாய். “கேக்குதா? பசிக்குதுங்க. நெஜமாவே பசிக்குது.” பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கையை உருவிக்கொண்டேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நீ சாப்பிடுவது ஒரு காட்சி. நம் கல்யாணச் சீரில் வந்த அந்தப் பெரிய தட்டு, விருந்தாளி வந்தால் மட்டும் இறங்குவது. அதை இறக்குவாய். “இந்த ஊட்ல நானும் விருந்தாளிதான்” என்பாய். சோறு, குழம்பு, ஒரு முட்டை, இருந்தால் வறுத்த நெத்திலிக் கருவாடு. பின்வாசல் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளைகளிடம், “அம்மா சாப்புடறேன். இருவது நிமிஷம் யாரும் கூப்புடக் கூடாது” என்பாய். சின்னவன் அழுதால்கூட எழ மாட்டாய். இப்படி ஒரு அம்மாவா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

முன்பக்கப் போர்ஷனில் இருந்த என் அக்காவுக்கும் அது உறுத்தியது. ஒருநாள் வழிமறித்துக் கேட்டாள்.

“இன்னாடா, உம் பொண்டாட்டி காலைல நாஷ்டா துன்றதே இல்ல? ஊட்ல எதுனா தகராறா? தெருவுல கேக்கறாங்க, எனக்குப் பேஜாரா கீது.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனில் பார்த்துப் பட்டினி கிடக்கிறாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். “வேண்டிக்கினு கீறாக்கா. எனக்கு பர்மனன்ட் ஆவணும்னு அம்மனுக்கு விரதம்.”

நாலு நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. உன்னைப் பார்த்தால் கழுத்து நொடிக்கிற பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்தார்கள். விரத வீட்டில் கருவாடு ஆகாது என்று அக்கா நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போனாள். முட்டையும் நின்றது. பன்னிரண்டு மணிக்கு நீ தட்டை இறக்கினால் அக்கா முதலில் விளக்கேற்றச் சொன்னாள். விரதக்காரிக்குப் போட்டால் புண்ணியம் என்று எதிர்வீட்டம்மா கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து உன் சோற்றின் மேலேயே ஊற்றினாள். “எம் பொண்ணுக்கும் ஒரு வரன் அமையணும்னு வேண்டிக்கோம்மா” என்று பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உன் இருபது நிமிடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாய். எப்போதும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவள் அன்று போடவில்லை.

“யோவ். யாரக் கேட்டுச் சொன்ன?”

“சும்மா ஒரு பேச்சுக்கு.”

“பொழுது விடிஞ்சா உங்க மூணு பேருக்கும்தான் ஓடறேன். ஒரு தட்டு சோறு, அது ஒண்ணுதான் எனக்குன்னு வெச்சிருந்தேன். அதையும் உன் பேர்ல எழுதிக்கினியே.”

உன் கையில் சின்னவனின் ஈரச் சட்டை இருந்தது. அதைப் பிழிந்துகொண்டே இருந்தாய், தண்ணீர் நின்ற பிறகும். அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒன்றிரண்டு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். அதைவிட, தெருவில் என்னை மரியாதையாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்பது நன்றாகத்தான் இருந்தது.

ஆடி வந்தது. நம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். முதல் குடத்தை விரதக்காரிதான் தூக்க வேண்டும் என்று அக்கா உன் தலையில் வைத்தாள். படைத்து முடித்தபோது பத்தரைகூட ஆகவில்லை. பெண்கள் சொம்போடு வரிசையில் நின்றார்கள். நீ குடத்தை இறக்கி வைத்து, ஒரு சொம்பு கூழை மொண்டு எல்லார் எதிரிலும் மடமடவென்று குடித்தாய்.

“அடியே, வேண்டுதல் இன்னும் பலிக்கலியே! அதுக்குள்ள விரதத்த முடிச்சிக்கினா எப்பிடி?” என்றாள் அக்கா.

“போதும் அண்ணி,” என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் பெரியவள் வைத்த அரைத் தோசையை அடுப்பு மேடை அருகே நின்றுகொண்டு தின்றாய். நான் பார்த்தேன். பெரிய தட்டு அலமாரிக்குப் போனது. அலாரத்தை மட்டும் நீ எடுக்கவில்லை. அது அடிக்கும்போது ஒரு நொடி கை நிற்கும், பிறகு வேலையைப் பார்ப்பாய்.

ஆவணியில் அந்தப் பர்மனன்ட், நான் வேலை சொல்லிக்கொடுத்த ஒருவனுக்குப் போனது. அவனோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை. பட்டினி கிடந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரைக் கேட்டேன். இல்லை என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அழுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

சாவு வீட்டிலேயே அக்கா சொன்னாள்: “வேண்டுதலப் பாதில உட்டா. ஆத்தா சும்மா உடுவாளா?” தெரு தலையாட்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் நாளும் சொன்னாள். அந்த வார்த்தைக்காக அவள் முகத்தைப் பார்த்து நான் பேசி ஒரு வருடம் ஆகிறது. அந்த வார்த்தைக்கு விதை என் வாயிலிருந்து விழுந்தது என்பதை மட்டும் கவனமாக மறந்திருந்தேன். போன வாரம் உனக்கு வருடத் திதி. அதே பேச்சு. இந்த முறை பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. எல்லாம் புரிகிறது.

இன்று அலாரம் அடித்தபோது ஸ்டூல் போட்டு ஏறிப் போனை எடுத்தவள் அவள்தான். கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா சாமிய ஏமாத்திச்சாப்பா? அதான் சாமி சாவடிச்சிடுச்சா?”

அக்கா அப்போது சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று அவளுக்கும் சேர்த்தே சொன்னேன்.

“இல்லடா. அம்மா சாமிகிட்ட ஒண்ணும் வேண்டிக்கல. அது அப்பா சொன்ன பொய்.”

அக்காவின் கை நின்றது. “இன்னாடா சொல்ற? அப்பறம் எதுக்கு அவ்ளோ நாளு பட்டினி கெடந்தா?”

“பசிக்கணும்னு.”

அவளுக்குப் புரியவில்லை. விளக்க எனக்கும் வரவில்லை. சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அத எங்கிட்ட அன்னிக்கே சொல்லக் கூடாதா, பாவி. செத்தவளப் போயி நான் இன்னான்னாவோ பேசிட்டேனே” என்றாள். பிறகு, “தெருவுல சொல்லிக்கினு திரியாத” என்றும் சொன்னாள். சொல்லப்போகிறேன். ஆடியில் கூழ் வாங்க எல்லாரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

பெரியவள் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். “அலாரத்துல ‘நான்’னு எழுதிக்கீதுப்பா. நிறுத்திடவா?” உன் போனில் அது அடிக்கும்போது எழுந்து போய் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வேண்டாம் என்றேன்.

பிள்ளைகளின் மிச்சத்தை ஒரு வருடமாக நான்தான் தின்கிறேன், நின்றுகொண்டு, எது யாருடையது என்று பார்க்காமல். எனக்கும் பசி தெரிவதில்லை. அக்கா என்ன நினைத்தாளோ, அலமாரியிலிருந்து அந்தப் பெரிய தட்டை இறக்கித் துடைத்து, “இதுல போடறேன், நீயாவது உக்காந்து துன்னு” என்றாள்.

அதை வாங்கித் திரும்ப மேலே வைத்தேன். எனக்குச் சாதாரணத் தட்டு போதும். அது உன்னுடையது.