பசி திரும்பிய மாதம்

மார்ச் 4
பணிமனையில் இன்று முழுக்கப் பேருந்துகளுக்குப் பிரேக் லைனிங் மாற்றினேன். கை வேலையில், மனசு ஆஸ்பத்திரியில். தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். என் எலும்பு மஜ்ஜையை ஏற்றியதும் ரத்த அணுக்கள் கூடத் தொடங்கின. ஆனால் விடாத காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்துகளில் குடல் கெட்டுவிட்டது. தண்ணீர் குடித்தால்கூட வயிற்றால் போகிறது.

மார்ச் 9
டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். காய்ச்சல் மருந்து, குடலில் இருந்த நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிட்டதாம். "அது நல்லா இருக்கறவங்களுக்குச் சிகிச்சையும் நல்லா ஒத்துக்குதுன்னு தெரியுது. அதனாலதானான்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல." ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஆராய்ச்சிதான்.
முதலில் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் அழுகை.

மார்ச் 10
நானே தருகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன்.
"சின்ன வயசுல ஒரு மிட்டாய்கூடப் பங்கு தரமாட்டே. இப்ப வந்து இதையா தர்றே அண்ணா?"
சிரிக்கப்போய் இருமினாள். அவள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 21
பரிசோதனையில் தேறிவிட்டேன். நான் பாஸ் என்று மனைவி எல்லோரிடமும் சொல்கிறாள். எதில் பாஸ் என்று மட்டும் சொல்வதில்லை.

ஏப்ரல் 2
கேப்சூல் மாத்திரையில் அடைத்துக் கொடுத்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.

ஏப்ரல் 16
அரை வாழைப்பழம் தின்றாள். தங்கியது! "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். பழம் வாங்க ஓடினேன் — இந்த வயதில், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

மே 11
நோய் திரும்பிவிட்டது.
குடல் நல்லாத்தானே இருக்கு? பசிக்குதுன்னு நேத்துகூடச் சொன்னாளே! அப்புறம் ஏன்?
"குடலை ஆத்த முடிஞ்சுது. ரத்தத்துல..." என்றார் டாக்டரம்மா.

மே 12
ஒன்றுமில்லை எழுத.

ஜூன் 3
போய்விட்டாள்.

ஜூன் 5
மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "நடுவுல கொஞ்ச நாள் பசிச்சுச் சாப்பிட்டா, மச்சான். அது நீங்க குடுத்தது" என்றார்.
அது போதுமா? எனக்குப் போதலையே.

ஜூலை 8
டாக்டரம்மா பணிமனைக்கே போன் செய்தார். வேறொரு நோயாளி, இதே நிலைமை. வீட்டில் யாரும் பரிசோதனையில் தேறவில்லை. "உங்ககிட்டக் கேக்கவே சங்கடமா இருக்கு. முடியாதுன்னா தப்பே இல்ல."
யாருக்கு என்று சொல்லக்கூடாதாம். கையில் கிரீஸ், தோளில் போனை இடுக்கிக்கொண்டு நின்றேன்.
"வெறும் வயித்தோட வரணுமா?" என்று மட்டும் கேட்டேன்.