மூன்று அரியர்

செம்பரம்பாக்கம்,
மார்கழி கடைசி வாரம்.

அன்பு மகள் சிம்ரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஓசூர் குளிர் நம் ஊர் குளிர் மாதிரி இல்லை என்று வரலட்சுமி சொன்னாள். அவளிடம் ஒரு ஸ்வெட்டரும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன். உன்னோடு ஒரே டீமில் ஆடிய பெண், உன் கம்பெனி ஹாஸ்டலைக் கண்டுபிடித்து உன் கையிலேயே கொடுப்பாள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன வாரம் காட்டுப்பாக்கம் ஃபிளாட்டில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வரலட்சுமியோடு உன் காலேஜுக்குப் போய் வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பிரின்சிபால் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில், மதுரையில் நீங்கள் கபடியில் ஜெயித்த கப் இருக்கிறது. பக்கத்தில் போட்டோ. நடுவில் நீ முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். டீமிலிருந்து உன்னை எடுத்தவர்கள் அங்கிருந்து உன் போட்டோவை எடுக்கவில்லை.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். மூன்று அரியர் இருந்தால் அந்த வருடம் ஆடக்கூடாது, ஆடாதவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபீஸ் சலுகையும் ஹாஸ்டலும் கிடையாது, அதுதான் விதி என்றார். அதில் இரண்டு பரீட்சை நடந்த நாளில் இவள் உங்கள் காலேஜுக்காக மதுரையில் ஆடிக்கொண்டிருந்தாள் சார் என்று வரலட்சுமிதான் சொன்னாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. "தெரியும்மா. ஆனா ரிசல்ட்ல ஆப்சென்ட்னுதான வருது. மேட்சுக்குப் போனாங்களா, ஊர் சுத்தப் போனாங்களான்னு அதுல வராது" என்றார். உனக்குத் தனியாகப் பரீட்சை வைக்கும்படி பி.டி. சார் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டுமாம். பி.டி. சாரும் அங்கேதான் நின்றார். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரின்சிபால் இன்னொன்றும் சொன்னார். "இவளுக்கு முன்னாடி எத்தனை பிள்ளைங்க தெரியுமா? எங்களுக்குக் கப் வாங்கிக் குடுத்துட்டு, டிகிரி இல்லாமயே வெளிய போனாங்க. அவங்க படிக்கணும்னுதாம்மா இந்த ரூலே போட்டேன்." அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. மூன்றாவது பாடம், அந்தக் கணக்குப் பதிவியல், நீ நிஜமாகவே ஃபெயில். புத்தகத்தை நீ தொடவே இல்லை என்று எனக்கும் தெரியும். அதற்கு மட்டும் தண்டனை என்றால் நான் அவர் வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது பூந்தமல்லி தாண்டி பஸ்ஸில்தான், அவரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. நீ படித்ததே ஆட்டத்தால்தானே. அதைப் பிடுங்கிவிட்டுப் படி என்றால் எங்கே உட்கார்ந்து படிப்பாய்? அப்போது தோன்றி என்ன பயன். பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.

ஒரு வருடம்தானே என்று அவர் நினைக்கிறார். நம் வீட்டில் ஒரு வருடம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். நீ ஆடின வரைக்கும் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பேப்பரில் வந்த உன் படத்தை அப்பா கோடவுனில் மூட்டை இறக்குகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். நீ பெட்டியோடு ஹாஸ்டலை விட்டு வந்த அன்று சாயங்காலமே பெரியப்பா வந்து உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "காலேஜே வேணான்னு தொரத்திட்ச்சு. இன்னும் இன்னாத்துக்குடா சின்னசாமி வயசுப் பொண்ண ஊட்ல வெச்சிகினு கீறே? எம் மச்சான் வெங்கட் கீறான், கட்டிக் குடு" என்றார். அந்த வெங்கட்டின் முதல் பெண்டாட்டி ஏன் ஓடிப்போனாள் என்று இந்தக் காலனிக்கே தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் உன்னை ஓசூர் பஸ்ஸில் ஏற்றினேன். நீயாகவே போய்விட்டாய் என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ இல்லாமல் போன டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியதாம். வரலட்சுமி வேறு பாடம் படிக்கிறாள், நீங்கள் மதுரையில் ஆடிய நாட்களில் அவளுக்குப் பரீட்சை இல்லை, ஒரு அரியரும் இல்லை. அவள் எதற்காகத் தோற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவள் உன்மேல் கோபமாக இல்லை, அதை நினைத்துப் புழுங்காதே.

ஏப்ரலில் அரியர் பரீட்சை வருகிறது. காலேஜிலிருந்து உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை, வந்து எழுதலாம், மூன்றையும் முடித்தால் மறுபடி ஆடலாம் என்று பிரின்சிபாலே சொன்னார். புத்தகங்களும் வரலட்சுமி கொண்டுவருகிறாள். ஷிப்டு முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படி. பரீட்சைக்கு வரும்போது நேராகக் கொரட்டூரில் அவள் வீட்டுக்குப் போய்விடு. அவள் அம்மா பஞ்சவர்ணத்திடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "எம் பொண்ணுக்கு ஆக்கற சோத்துல அதுக்கும் ஒரு கை போட்டா கொறஞ்சா பூடும்? வரச் சொல்லுக்கா" என்றாள். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன்னிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. வெங்கட்டோடு உன் கல்யாணத்துக்குத் தை மாதக் கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். உன்னைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. உன்னை எப்படியாவது ஊருக்கு வரவழைத்துவிட்டால் போதும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

போகிக்குள் நான் உனக்குப் போன் பண்ணுவேன். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போ கண்ணு என்று கூப்பிடுவேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்பேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அழுவேன். அந்த அழுகை மட்டும் நிஜம், உன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது. ஆனாலும் வராதே. லீவு இல்லை என்று சொல்லி போனை வைத்துவிடு. நான் நிஜமாகவே படுத்துவிட்டேன் என்று யார் வந்து சொன்னாலும் வராதே.

நீ நன்றாக இருக்க வேண்டும். பொங்கல் அன்று குளித்து, நல்ல துணி உடுத்தி, அங்கே இருக்கும் பிள்ளைகளோடு வயிறாரச் சாப்பிடு. என் ஆசீர்வாதம் நீ இருக்கும் இடத்துக்கு வரும்.

உன்னைப் பார்க்கத் தவிக்கும்
அம்மா ராஜம்மா