கூடத்துக்கு நான் போட்ட கதவு

அக்கா,

செட்டிகுளத்தில் புது வீடுகள் எழும்பும் இடத்தில் இன்று காலை மண்கற்களுக்குத் தண்ணீர் அடித்தார்கள். அந்த ஈர வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

குரும்பலூர்ப் பக்கம் நம் குடியிருப்பைக் கட்டியபோது, வீடு கிடைக்கப்போகும் குடும்பங்களான நீங்களே மண்ணை அழுத்திக் கல்லும் செய்தீர்கள். சூளை வேண்டாம், சிமெண்ட் கொஞ்சம் போதும், புகை குறையும் என்று இஞ்சினியராக நான் விளக்கினேன். "அரியலூர்ல இத்தன சிமெண்ட் ஆலைய வெச்சிக்கிட்டு எங்களுக்கு மட்டும் மண்ணு வூடாங்க?" என்று கேட்டீர்கள். கூட்டமே சிரித்தது. முதல் கோடை கழிந்ததும், மத்தியானத்தில்கூட ஃபேன் தேவையில்லை என்று ஊரெல்லாம் சொன்னவரும் நீங்கள்தான்.

வீடுகள் சின்னவை, எல்லாருக்கும் சேர்த்து நடுவில் ஒரு பெரிய கூடம். கல்யாணத்துக்கும் பிள்ளைகள் படிக்கவும் என்று நான் வரைந்திருந்தேன். நீங்கள் வரைபடத்தில் விரலை வைத்து, "சாவு வுழுந்தா இங்கதான கெடத்தணும்? அதுக்கு எதுக்குங்க கதவு?" என்றீர்கள். வாடகை வீட்டில் இருந்தபோது உங்கள் மாமியாரின் உடலை வீட்டின் சொந்தக்காரர் உள்ளே விடாததையும், ரோட்டோரம் கிடத்தி அழுததையும் சொன்னீர்கள். கேட்டு நானும் அழுதேன். அழுதுவிட்டு, கதவில்லாத வரைபடத்துக்கு ஆபீஸில் ஒப்புதல் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கதவைப் போட்டேன்.

கதவு வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் சாவி வேறு யாரிடமோ போய்ச் சேரும். அதுதான் நடந்தது. குடியிருப்பைக் கவனிக்கும் பெரம்பலூர் ஆபீஸில் சாவியை வாங்கிய கான்ட்ராக்டர் ஒருவர், ரோட்டு வேலைக்கு வந்த மூட்டைகளை அங்கே அடுக்கினார். சிமெண்டைக் குறைக்கத்தானே அக்கா அத்தனை பாடுபட்டோம்? கடைசியில் நம் கூடத்தில் சிமெண்ட் குடியேறியது.

நீங்கள் போன அன்று மழை விடவே இல்லை. நான் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தபோது, பூட்டிய கதவுக்கு எதிரே தெருவில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். நாலு பேர் மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆபீஸுக்குப் போன் செய்தேன். "ஸ்டாக் நனைஞ்சிடும் மேடம், திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். மூட்டை நனையக் கூடாதாம், நீங்கள் நனையலாம். திங்கட்கிழமை வரை பிணம் காத்துக்கொண்டிருக்குமா? இவர்கள் வீட்டில் யாருமே சாவதில்லையா?

இப்போது நான் வரையும் கூடங்களுக்குக் கூரையும் தூண்களும் மட்டும்தான். செட்டிகுளம் வரைபடத்தைப் பார்த்த அதிகாரி, "பூட்ட வழியே இல்லியே மேடம்" என்றார். அதற்காகத்தான் அப்படி வரைந்தேன் என்று சொல்லி, அவர் கையெழுத்துப் போடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அந்தப் பூட்டு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஒரு கல்லை எடுத்து உடைத்திருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். நானோ, உங்களை மழையில் வைத்துக்கொண்டு, போனில் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் என்னோடுதான் வருகிறது, அக்கா.