மூன்றாவது பாட்டில்

அன்புள்ள சியாமளா,

உன் அக்கா வைத்த ரசம் வயிற்றில் தங்கியது என்று கேட்டு நிம்மதி. விக்டோரியா காலத்து மருந்து விளம்பரங்களைப் பற்றிய என் புத்தகம் நகர்கிறது. வாதம், வழுக்கை, மனச்சோர்வு மூன்றுக்கும் ஒரே டானிக். லண்டன் சீமாட்டி ஒருத்தி மூன்றாவது பாட்டிலில் எழுந்து நடனமாடினாளாம்.

நேற்று இங்கே டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் அப்பளக் கடைக்காரர் உன்னை விசாரித்தார். கீமோ என்ற சொல்லைத் தவிர்த்து, கொஞ்சம் சோர்வு என்றேன். உடனே ஒரு பச்சைப் பாட்டிலை எடுத்துவைத்தார்.

"மாமிக்கு இதைக் குடுங்க சார். என் மச்சினி மூணே பாட்டில்ல எழுந்து நடந்தா. பக்கா கியாரண்டி!"

இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதுதான் என் தொழில். நான் கேட்டது, "மூணு இருக்கா?"

புத்தகத்தில், இந்த டானிக்கையெல்லாம் யார் வாங்கினார்கள் என்ற அத்தியாயம்தான் எழுத வராமல் இருந்தது. வந்துவிட்டது. பெரும்பாலும் புருஷன்மார்கள்.

பயப்படாதே, வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் சொல்வதை மட்டும் கேள். வெள்ளிக்கிழமை ஊசி போடும்போது பக்கத்தில் இருப்பேன். "நீங்க வந்து என்ன பண்ணப்போறேள்?" என்பாய். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் எதுவும் குணமாகும் என்று எழுதிக்கொடுக்க மாட்டேன்.

உன்
வீட்டுக்காரன்