கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தவள்

பிப்ரவரி 11, ஞாயிறு

மூக்குக் கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் லென்ஸ் அண்ணன் வீட்டில் இன்றும் அந்த ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம். அவர் கதை சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும், பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். விதிப் புத்தகம் தலையணை கனம். எந்தப் பகடையை எப்போது உருட்டுவது என்பது இன்னும் மண்டையில் ஏறவில்லை. வாள் வீசச் சொன்னால் கதவு திறக்கும் கணக்கைப் போடுகிறேன்.

என் வீராங்கனைக்கு முன்கதை எழுதித் தர வேண்டுமாம். அவள் யாரிடமும் சொல்லாத ரகசியம் ஒன்று அதில் இருக்க வேண்டும். அவர் மட்டும்தான் படிப்பார்.

பிப்ரவரி 14

மூன்று தாள் கிழித்தாயிற்று. அரைத்த மாவையே அரைக்கிறேன்.

பிப்ரவரி 15

எழுதிவிட்டேன். தந்தை சாகும்போது உள்ளே போகத் துணிவில்லாமல் கோட்டை வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள். கடைசிவரை அவர் கையைப் பிடித்திருந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவள்.

அது அக்காவின் கதை. அப்பா போன அன்று அவள் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தும் இடத்தில்தான் இருந்தாள். என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். அம்மா இன்றைக்கும், நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்று அவளைக் கட்டிக்கொள்கிறாள்.

ஆஸ்பத்திரியைக் கோட்டை ஆக்கிவிட்டேன், யாருக்குத் தெரியப்போகிறது? லென்ஸ் அண்ணன் படித்துவிட்டு அசத்திவிட்டாய் என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

பிப்ரவரி 25

அக்கா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று நான்தான் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறாளாம்.

மார்ச் 3, ஞாயிறு

முன்கதையில் எழுதுவதை ஆட்டத்தில் எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்கள். விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தும் இருக்கிறேன்.

இன்று குகைக்குள் ஒரு கிழவரின் ஆவி வந்தது. லென்ஸ் அண்ணன் குரலை இறக்கி என் வீராங்கனையிடம் கேட்டார்:

"நான் சாகும்போது என் கையைப் பிடிச்சிருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னியாமே. நீ வாசல்லதானே உக்காந்திருந்தே?"

மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் ஒரே ரசிப்பு. பதில் சொல்லு, பகடையை உருட்டு என்றார்கள். அக்கா பென்சிலை வைத்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

பஸ்ஸில் ஒரே இருக்கையில் வந்தோம். இறங்கும்போது மட்டும் கேட்டாள்.

"நல்லா எழுதியிருந்தியாம். எத்தனை பக்கம்?"

மார்ச் 4

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 9

இன்றும் எடுக்கவில்லை. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? வேற கதையே கிடைக்கலையா எனக்கு? கிடைக்கல — அதான் உண்மை. அவ சொல்லி அழுதது நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

வரமாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். போன முறை கொடுத்த பாத்திரம் வேண்டாமென்று புதிதாக ஒன்று செய்திருக்கிறாள். தாளில் முன்கதைக்கான இடம் காலி. எழுதவில்லையா என்று லென்ஸ் அண்ணன் கேட்டதற்கு, இல்லாமல் ஆட முடியாதா என்றாள். ஆடலாம் என்றார்.

பிறகு, உங்கள் இருவரின் பாத்திரங்களுக்கும் முன்பே பழக்கமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"இல்ல. இன்னைக்குத்தான் பாக்கறோம்."

நான் என் வீராங்கனையின் பெயரைச் சொன்னேன். அவள் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டாள்.