அத்தான் சொன்ன இணைவரி

அக்கா,

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு நீயும் அத்தானும் வரவில்லை. அம்மா சமைத்த வாத்தை யாரும் தொடவில்லை. "படகு தாமதமா இருக்கும்" என்று அப்பா இருட்டும்வரை துறையிலேயே நின்றார். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்தன்று வாசலை மறித்து மாப்பிள்ளைக்கு ஒரு வரி கொடுத்தேனே: 'புகை கூரை ஏறுகிறது, ஏணி கேட்கவில்லை.' அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிற இணைவரி சொன்னால்தான் உள்ளே வரலாம். அத்தான் உடனே தூரிகை கேட்டார். "எழுதக் கூடாது, வாயால சொல்லணும்" என்றேன். அவர் பேச்சு எப்படி என்று தரகுக்காரி அம்மாவிடம் சொன்னதை முன்பே ஒட்டுக்கேட்டிருந்தேன்.

"ப... ப... பனி..."

"என்ன அத்தான், பனி வாயிலேயே உறைஞ்சு போச்சா?"

சுசோ நகரமே சிரித்தது. அந்தச் சத்தத்தில் அவர் வரியை முடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. 'பனி குளத்தில் இறங்குகிறது, படி தேடவில்லை.' கேட்டும், "தோத்துட்டார், பாவம், உள்ள விடுங்க" என்றேன்.

இன்று நம் வாசலில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். வலப்பக்கம் என் வரி, இடப்பக்கம் அவருடையது. போகிறவர்கள் நின்று, "இடப்பக்கம் யாருதுப்பா? பிரமாதம்!" என்கிறார்கள். "எங்க அத்தானோடது. தோத்துட்டார்னு பொய் சொன்னது நான்" என்கிறேன். என் காதுக்கும் தாளுக்கும் நிறத்தில் போட்டி.

அவரைக் கூட்டி வா, அக்கா. எவ்வளவு நேரமானாலும், அவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் வாய்த்துடுக்குத் தம்பி