பூப் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தவள்

கோழிச் சத்தத்திலேயே குறை கண்டுபிடிக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு என் எதிர்காலம் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோழிப் பண்ணையை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட வேண்டுமாம், நான் பெங்களூர் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், அம்மா பெரியப்பா வீட்டோடு இருக்க வேண்டுமாம். பெரியப்பா எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்.

எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டார்கள். காரணங்களை அடுக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. குத்தகைக்கு வந்தவர் ஷெட்டுக்குள் நடந்துபோனபோது கோழிகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டிலிருந்து எத்தனை அடி என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பெங்களூருக்குத் துணி அடுக்க உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை. "கை ஓடலைன்னு சொன்னா ஊரே சிரிக்கும்" என்றார் பெரியப்பா.

சிரிக்கட்டும். நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? ஷெட் வாசலில் நின்று, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "மூணாவது வரிசையில தண்ணி வரல" என்பீர்கள். போய்ப் பார்த்தால் குழாய் அடைத்திருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "தெரியுது சாமி, அவ்வளவுதான்" என்பீர்கள். அதை அனுபவம் என்றார்கள். எனக்குத் தோன்றினால் மட்டும் அது பொம்பளைப் பிள்ளையின் பிடிவாதமா?

பெரிய விஷயம் என்று வந்தால் பூக் கேட்கப் போவீர்கள். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் மடித்துக் குலசாமி முன்னால் வைப்பார் பூசாரி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டில் ஒன்றை எடுப்பது எப்போதும் நான்தான்.

இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. நான் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். அரளி நீளமாக இருக்கும், நந்தியாவட்டை அகலமாக இருக்கும், இலைக்கு மேலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து ஊர்க்காரரோடு கூட்டுச் சேரலாமா என்று நீங்கள் கேட்ட அன்று எனக்குப் பதினோரு வயது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த ஆள் சொம்பை 'டங்'கென்று வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்பை எடுத்தேன். நீங்கள் மறுபேச்சில்லாமல் விலகிக்கொண்டீர்கள்.

தப்பும் செய்தேன். என்னைச் சென்னையில் கல்லூரியில் சேர்க்கலாமா என்று கேட்டபோது, தோழிகள் போகிறார்களே என்ற ஆசையில் வெள்ளையை எடுத்தேன். எடுக்கும்போதே உள்மனது வேண்டாம் என்றது. பிடிக்காத படிப்பைப் படித்தேன், பிடிக்காத வேலைக்குப் போனேன், பழியைச் சாமி தலையில் போட்டேன். ஆசைக்கும் உள்மனதுக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குப் புரிய இத்தனை வருடமாயிற்று.

போன வெள்ளிக்கிழமை பெரியப்பா குத்தகைக்கும் பூ வைத்தார்.

"எடு சாமி. உன்ற கை ராசியான கை" என்றார்.

குனிந்தேன். எனக்கு வேண்டிய பூவை நான் எடுத்திருக்கலாம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், சண்டையே வந்திருக்காது. அப்படி நினைத்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

"பூ வேண்டாமுங்க பெரியப்பா. பண்ணைய நானே பாத்துக்கறேன். பெங்களூருக்குப் போகலைங்க."

"அத நீ சொன்னா ஆச்சா? சாமியல்ல சொல்லோணும்?"

"இத்தன நாளா நாந்தானுங்க சொன்னேன்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெரியப்பா சாமி குத்தம் என்று கத்தினார். பூசாரி பொட்டலங்களை எடுத்து ஓரமாக வைத்தார். அம்மா மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "புள்ள தடவிப் பாத்துத்தான் எடுக்குதுன்னு அவருக்குத் தெரியுமுங்க" என்றாள். "அதுக்குத்தான் எப்பவும் இவளையே எடுக்கச் சொல்லுவாரு."

தெரியுமா அப்பா? தெரிந்துதான் அத்தனை வருடமும் பக்கத்தில் கைகூப்பி நின்றீர்களா?

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என் பேச்சைக் கேட்க உங்களுக்கு ஏன் நடுவில் ஒரு சாமி தேவைப்பட்டது? வீட்டில் உட்கார வைத்து, "நீ என்ன நினைக்கறே சாமி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? என் மகள் வேண்டாம் என்கிறாள் என்று அண்ணனிடம் சொல்வது அவ்வளவு கௌரவக் குறைச்சலா? நேராகக் கேட்டிருந்தால், சென்னை வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டேன். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. வெயில் கொளுத்துகிறது, இந்த வாரம் மட்டும் நாற்பது கோழிகள் செத்துப்போயின. ஷெட் கூரைமேல் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டிருக்கிறேன். "பாத்தியா?" என்று ஊரில் கேட்கிறார்கள். பார்த்தேன். பார்த்துவிட்டும் இங்கேதான் இருக்கிறேன்.

ஜெயிப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அது எனக்குத் தெரியாது. பண்ணை நிமிர்ந்தாலும் கவிழ்ந்தாலும் அது என் முடிவு என்று யார் முன்னாலும் சொல்வேன். அதற்கு மட்டும்தான் சத்தியம். குலசாமிக்குப் பொங்கல் வைப்பேன், விழுந்து கும்பிடுவேன். என் வார்த்தையை இனி அதன் வாயில் வைக்க மாட்டேன்.

நீங்கள் ஒருநாளும் வாய்திறந்து கேட்காவிட்டாலும் சொல்லியே தீருகிற உங்கள் மகள்,
செல்வி